கைமாற்றுச் சீட்டு எதுவரை செல்லும்?

பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு 15,000 ரூபாய் கைமாற்று வாங்குகிறார். டைரித் தாள் ஒன்றைக் கிழித்து, ‘இன்னாரிடம் ரூ.15,000 வாங்கியிருக்கிறேன்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தருகிறார். இதைப் பலர் புரோநோட்டு என்றே நினைக்கிறார்கள். அது புரோநோட்டு இல்லை.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, புரோநோட்டில் ‘கேட்கும்போது தருகிறேன்’ என்பதுபோல நிபந்தனையில்லாத வாக்குறுதி இருக்க வேண்டும். ‘வாங்கியிருக்கிறேன்’ என்பது வெறும் ஒப்புதல்தான். புரோநோட்டில் கையெழுத்து நிரூபணமானால், பணம் கைமாறியது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும்; கைமாறவில்லை என்பதை வாங்கியவர்தான் காட்ட வேண்டும். சீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் பணத்தை வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கக் கடனுக்கு வருமான வரிச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்து வாங்குவார்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் சாட்சியமாக்க முடியாது. சீட்டிலும் ஒன்றை ஒட்டிவிடுங்கள், ஒரு ரூபாயில் என்ன போகிறது? ஆனால் கடன் வாங்குகிறவர், ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. தொகையை நிரப்பும் உரிமையை அவரே தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

சரி, சீட்டால் என்னதான் பயன்? கெடு விஷயத்தில்தான். கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். அது முடிவதற்குள் கடன் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் ஓடும். இது 1963 காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவு. ‘கடன் இருக்கிறது, ஆனால் இப்போது தர முடியாது’ என்று எழுதியிருந்தாலும் செல்லும்.

கடனில் ஒரு பகுதியைக் கட்டும்போது புரோநோட்டின் பின்பக்கம் ‘வரவு ரூ.2,000’ என்று எழுதும் வழக்கமும் இதற்காகத்தான். அதைப் பணம் கட்டுகிறவர் தன் கையால் எழுத வேண்டும், அல்லது கையெழுத்தாவது போட வேண்டும். கடன் கொடுத்தவரே எழுதி வைத்துக்கொண்ட வரவு கெடுவை நீட்டாது.

3 ஆண்டு தாண்டிவிட்டால் ‘வாங்கியது உண்மை’ என்ற ஒப்புதல் மட்டும் உதவாது. ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி, ‘அந்தக் கடனைத் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.