மிக்கி மவுஸ் காசில் இருக்கும் அந்த 2 டாலர்

நாணய மதிப்பீட்டுக்கு என்னிடம் வருபவற்றில் மிக்கி மவுஸ், டொனால்ட் டக் படம் போட்ட வெள்ளிக் காசுகளும் உண்டு. பெரும்பாலும் குழந்தை பிறந்ததற்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய பரிசு. "சான்றிதழிலேயே லீகல் டெண்டர்னு போட்டிருக்கே சார், அரசாங்க உத்தரவாதம் இருக்குதானே?" என்பார்கள். லீகல் டெண்டர் என்றால் சட்டப்படி செல்லும் பணம். உத்தரவாதம் இருக்கிறது, 2 டாலருக்கு மட்டும்.

இவற்றை வெளியிடும் நாடு நியுவே. பசிபிக்கில் 2,000 பேர்கூட இல்லாத தீவு. அங்கே புழங்குவது நியூசிலாந்து டாலர். நியூசிலாந்து மின்ட் என்ற தனியார் நிறுவனம் டிஸ்னியிடம் உரிமம் வாங்கி, நியுவே பெயரில் அச்சடித்து உலகெங்கும் விற்கிறது. தீவுக்கு ராயல்டி. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் காசுகளும் இதே வழிதான்: அடிப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் என்ற நாணயச் சாலை, பெயர் துவாலு நாட்டுடையது.

ஆக, ஒரே காசுக்கு மூன்று விலை. காசின்மேல் பொறித்திருக்கும் முகமதிப்பு 2 டாலர். உள்ளே ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 999 வெள்ளி. அதன் விலை 2 டாலரைவிடப் பல மடங்கு. அதற்கும் மேலே பெட்டி, வண்ண அச்சு, டிஸ்னி உரிமம் எல்லாம் சேர்ந்த சேகரிப்பு விலை. வாங்கும்போது கொடுப்பது மூன்றாவது. உள்ளூர் வெள்ளிக் கடையில் விற்கப் போனால் கிடைப்பது இரண்டாவது, அதிலும் கழிவு போக. மிக்கிக்கென்று அங்கே தனி மரியாதை கிடையாது.

"10,000 காசுகள் மட்டுமே" என்ற வாசகத்தையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த எண்ணிக்கை அந்த ஒரு வடிவத்துக்குத்தான். அடுத்த வருடம் மிக்கி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதில் முலாம் பூசியவை நிறைய. எடை போடுங்கள். அதே அகலம், அதே தடிமனில் பித்தளை என்றால் 25 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். காந்தத்தை நம்ப வேண்டாம், பித்தளையும் ஒட்டாது.

நான் அதிகம் பார்க்கும் சேதம் பூஜையறையில் நடப்பது. வெள்ளி விளக்கோடு சேர்த்து இதையும் விபூதி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். கண்ணாடிப் பளபளப்பு முழுக்கக் கீறலாகும், மிக்கியின் சிவப்பு நிறம் உரிந்துவிடும். சேகரிப்பாளர் அப்புறம் தொடமாட்டார். கறுத்தாலும் பரவாயில்லை, உறையைத் திறக்காதீர்கள். விற்கக் கொண்டுவரும்போது பெட்டி, சான்றிதழ் இரண்டும் கூடவே வரட்டும். அவை இல்லையென்றால் நான் வெள்ளி விலையைத்தான் எழுதித் தர முடியும்.