குதிரை யாருக்கு? ஈட்டியைத் தாழ்த்துவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்

இடைக்கால ஐரோப்பாவின் கவசக் குதிரை வீரர்களான நைட்டுகளின் உலகத்தில், ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களைக் காசு வாங்கிக்கொண்டு நடத்திக்கொடுப்பது என் தொழில். கேம் மாஸ்டர் வேலை என்றால் பகடையும் கதையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி நேரம் பஞ்சாயத்துதான். பாத்திரம் செத்துப்போனால் ஆட்டக்காரர்கள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். தோற்றவனுடைய குதிரையும் கவசமும் யாருக்கு என்று வரும்போதுதான் முகம் சிவக்கும்.

வழக்கமாக இப்படி வரும். போர்க்களத்தில் ஓர் ஆட்டக்காரர் எதிரிப் பிரபுவை ஈட்டியால் குத்திக் குதிரையிலிருந்து தள்ளுகிறார். அடுத்த சுற்றில் இன்னொருவர் இறங்கிப் போய்க் கழுத்தில் கத்தியை வைத்துச் சரணடையச் சொல்கிறார். பிரபுவும் சரணடைகிறார். அவரை விடுவிக்க வரும் மீட்புப் பணம் யாருக்கு? “தள்ளினது நான்.” “பிடிச்சது நான்.” நடுவில் மூன்றாமவர், “சரி, அப்போ குதிரையை நான் ஓட்டிட்டுப் போறேன்” என்பார்.

சின்னப்பிள்ளைத்தனம் என்று சிரித்துவிட முடியாது. 1356-இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் பிடிபட்டபோது இதே கூத்து நடந்தது. டெனி த மோர்பெக் என்ற நைட்டிடம் வலக்கைக் கையுறையைக் கொடுத்து அரசர் சரணடைந்தார். சுற்றி நின்றவர்களோ ஆளாளுக்கு “நான்தான் பிடித்தேன்” என்று அரசரையே பிடித்து இழுத்தார்கள். உரிமை கேட்டு இன்னொருவர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. இழுக்காதா பின்னே? 1360-இல் பேசி முடித்த மீட்புத் தொகை 30 லட்சம் எக்கூ என்ற பிரெஞ்சுத் தங்க நாணயம். அந்தக் கையுறையை என் மேசையில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். சரணடைகிறவர் கையுறையை யாரிடம் கொடுக்கிறாரோ, கைதி அவருடையவர். தள்ளிவிட்டவருக்குப் பங்கு உண்டா என்பதைச் சண்டைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

ஈட்டிப் போட்டியில் வரும் குழப்பம் வேறு மாதிரி. கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதி 1985-இல் வெளிவந்த, ஆர்தர் அரசர் கதையில் நடக்கும் ‘பென்ட்ராகன்’ மாதிரியான ஆட்டங்களில் இரண்டு பேரும் 20 முகப் பகடையை உருட்டுகிறார்கள்; தன் திறன் எண்ணைத் தாண்டாமல், எதிராளியைவிடக் கூடுதலாகப் போட்டவர் ஜெயிக்கிறார். அது அரை நிமிட வேலை. ஜெயித்தவர் குதிரையைக் கேட்டதும் தோற்றவர், “இது போட்டிதானே, எதுக்குக் குதிரை?” என்பார். இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் வேறு வேறு நூற்றாண்டுக்குச் சரி.

12-ஆம் நூற்றாண்டுப் போட்டி என்பது இரண்டு அணிகள் வயல்காடு, ஊர்த்தெரு எல்லாம் பரந்து மோதுகிற கூட்டுச் சண்டை. எதிராளியைப் பிடித்தால் குதிரையும் கவசமும் உங்களுடையது. அவர் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் தடுப்பு கட்டி, இரண்டு பக்கமும் குதிரை ஓட்டி, உடைந்த ஈட்டிகளை எண்ணிப் பரிசு கொடுப்பது 15-ஆம் நூற்றாண்டு வழக்கம். சினிமாவில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆர்தர் அரசர் கதை உலகத்தில் எல்லாக் காலத்து வழக்கமும் கலந்துகிடப்பதால், போட்டியை அறிவிக்கிற தூதுவர் வாயாலேயே பந்தயம் என்ன என்று சொல்ல வைத்துவிடுங்கள். பந்தயம் இல்லாமல் அன்புக்காக ஓட்டமா, குதிரைக்காக ஓட்டமா? ஒரு வாக்கியம் போதும்.

குதிரை போனால் என்ன, இன்னொன்று வாங்கலாமே என்று புது ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். 12-ஆம் நூற்றாண்டு ஆங்கில நைட் வில்லியம் மார்ஷலின் கதையைச் சொல்வேன். 1166 வாக்கில் நார்மண்டியில் ட்ராங்கூர் என்ற ஊரில் அவருக்கு முதல் சண்டை. பிரமாதமாகச் சண்டை போட்டார், ஒரு பொருளையும் எடுக்கவில்லை, சொந்தக் குதிரையும் செத்துப்போனது. அன்று இரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு மாண்டவில், “மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடேன், ஒரு பழைய சேணவாராவது” என்று கேட்டார். என்னிடம் அப்படி எதுவும் இருந்ததே இல்லை என்று இவர் வெகுளியாகச் சொல்ல, கூடமே சிரித்தது: இன்றைக்கு உன் கையில் நாற்பது அறுபது கிடைத்திருக்குமே! கடைசியில் மேலங்கியை விற்றுத்தான் சாதாரணக் குதிரை ஒன்று வாங்கினார். அடுத்த போட்டியிலிருந்து அவர் மாறிவிட்டார்.

மாறியது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். 1170-களின் பிற்பகுதியில் ரோஜர் த கோஜி என்ற இன்னொரு நைட்டோடு கூட்டுச் சேர்ந்தார். கிடைப்பதில் பாதிப் பாதி. மார்ஷல் சேவை செய்த இங்கிலாந்து இளவரசர் ஹென்றியின் சமையலறைக் கணக்கர் விகேன் எழுதிவைத்த பட்டியலின்படி, பெந்தெகொஸ்தே திருநாளுக்கும் அடுத்த தவக்காலத்துக்கும் இடையில் இருவரும் பிடித்த நைட்டுகள் 103 பேர். கூட்டுக்கு ஒப்பந்தம், கணக்குக்கு ஓர் ஆள். நான் நடத்தும் ஆட்டங்களில் ஒருவர் கட்டாயம் விகேன் ஆக வேண்டும். நோட்டில் யார், யாரை, எந்த வருடம், எவ்வளவுக்கு என்று எழுதுவது அவர் பொறுப்பு. பெரும்பாலும் மேசையில் அதிகம் பேசாத ஆள்தான் இதை ஆசையாக எடுத்துக்கொள்கிறார்.

பிடித்த கைதி கைக்கு வந்து சேர வேண்டும் என்பதும் முக்கியம். ஆனே என்ற ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒரு போட்டியில் மார்ஷல் சிமோன் த நோஃப்ள் என்ற நைட்டைப் பிடித்து, அவர் குதிரையின் கடிவாளத்தைப் பற்றி ஊர்த்தெரு வழியே இழுத்துக்கொண்டு போனார். வழியில் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சிமோன் தொங்கிவிட்டார். மார்ஷல் திரும்பிப் பார்க்கவே இல்லை. உரிய இடத்துக்கு வந்து, “இந்த நைட்டைக் காவலில் வை” என்று உதவியாளிடம் சொல்ல, பதிலுக்கு வந்தது ஒரு கேள்விதான்: “எந்த நைட்டை?” ஆள் போனால் மீட்புப் பணமும் போச்சு, குதிரை மிச்சம். இதை ஆட்டத்தில் பகடையால் தீர்க்கலாம், சிரித்துக்கொண்டே.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இது வெறும் வியாபாரம் இல்லை. 1139-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம் இந்தப் போட்டிகளைத் தடைசெய்து, அதில் செத்தவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்றது. 1219-இல் மரணப் படுக்கையில் இருந்த மார்ஷலிடம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று குருமார் சொன்னதாகப் பேச்சு வந்தது. 500 பேரிடம் எடுத்ததை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது என்பதே அவர் பதிலின் சாரம். பென்ட்ராகனில் பாத்திரத்தின் குணங்களுக்கும் எண் உண்டு; தாராளமும் சுயநலமும் ஒரே ஜோடி. இரண்டையும் கூட்டினால் 20, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். குதிரையைத் திருப்பிக் கொடுக்கிறவருக்குத் தாராளத்தில் ஒரு குறி போடுகிறேன். அது போட்டதிலிருந்து பாதிப் பஞ்சாயத்து குறைந்துவிட்டது.

மேலே இருப்பவரின் பங்கையும் மறைக்காதீர்கள். பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போரில் இங்கிலாந்துப் படைத்தலைவர்கள் ஒப்பந்தம் எழுதித்தான் போனார்கள்: வீரன் எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு தலைவனுக்கு, தலைவன் பெற்றதில் மூன்றில் ஒன்று அரசருக்கு. போர் முடிந்த பிறகு கேம் மாஸ்டர் திடீரென்று “அரசர் கேட்கிறார்” என்று சொன்னால் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? 1402-இல் ஸ்காட்லாந்துக்காரர்களோடு நடந்த ஹோமில்டன் குன்றுப் போருக்குப் பிறகு இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி அப்படித்தான் கைதிகள் விஷயத்தில் தலையிட்டார். போரில் ஜெயித்த ஹாட்ஸ்பர் என்கிற ஹென்றி பெர்சி, தன் கைதியான ஸ்காட்லாந்தின் டக்ளஸ் பிரபுவை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அரசருக்கு எதிராகக் கலகம். ஷ்ரூஸ்பரி போரில் ஹாட்ஸ்பர் செத்தார். அவருடைய கைதியாக இருந்த டக்ளஸ் அவர் பக்கமே நின்று சண்டை போட்டு, மறுபடி பிடிபட்டார். இந்தத் தடவை அரசரிடம்.