ஒரே கொக்கியில் பல இபிபிஎஃப் நிரல்கள்: வெரிஃபையர் பார்க்காத இடம்

லினக்ஸ் கெர்னலை மாற்றாமலேயே அதற்குள் ஏற்றி ஓட்டக்கூடிய சிறு நிரல்தான் இபிபிஎஃப் (eBPF) நிரல். அப்படி ஒன்றை ஏற்றும்போது, அதைச் சோதிக்கும் கெர்னல் பகுதியான வெரிஃபையர் அதைச் சல்லடை போட்டுச் சலிக்கிறது. நினைவகத்தில் எல்லை மீறுகிறதா, முடிவில்லாமல் சுற்றுகிறதா, 512 பைட் ஸ்டாக்கைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுகிறது. அதில் தேறிவிட்டால் இனி கவலையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் வெரிஃபையர் ஒவ்வொரு நிரலையும் தனியாகத்தான் பார்க்கிறது. அதே கொக்கியில் (hook, கெர்னலில் நிரலை மாட்டும் இடம்) ஏற்கெனவே யாருடைய நிரல் மாட்டியிருக்கிறது, எது முன்னால் ஓடும், யார் சொல்லும் முடிவு செல்லும், யாருடையதை யார் கழற்றலாம் என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

இன்றைய சர்வரில் கண்டெய்னர் நெட்வொர்க்கிங் மென்பொருள் ஒரு நிரலை மாட்டும், பாதுகாப்பு ஏஜென்ட் இன்னொன்றை மாட்டும், கண்காணிப்புக் கருவி மூன்றாவதை மாட்டும். மூன்றும் ஒரே நெட்வொர்க் இன்டர்ஃபேஸில்தான். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தனித்தனியாகச் சரியாக இருக்கும் இந்த மூன்றும் சேரும்போது பாக்கெட் காணாமல் போகலாம். அதைவிட மோசமாக, தடுக்க வேண்டிய பாக்கெட் தாராளமாக உள்ளே வரலாம். பாக்கெட் வரவில்லையென்றால் யாராவது கத்துவார்கள். வடிகட்டி சத்தமில்லாமல் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டாவதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பழைய டிசி முறையில் நடப்பது

டிசி (tc) என்பது பாக்கெட் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பகுதி. அதில் லினக்ஸ் 4.5-இல் வந்த கிளாஸ்ஆக்ட் க்யூடிஸ்கில் (clsact qdisc, இன்டர்ஃபேஸில் ஃபில்டர்களை மாட்டும் சட்டகம்) நிரலை ஃபில்டராக மாட்டும்போது ஒரு முன்னுரிமை எண்ணும், அந்த ஃபில்டரை அடையாளம் காட்டும் ஒரு ஹேண்டில் எண்ணும் தருவோம். சிறிய முன்னுரிமை எண் முதலில் ஓடும். எல்லாருக்கும் முதலில் ஓட ஆசை என்பதால் பல கருவிகள் முன்னுரிமை 1, ஹேண்டில் 1 என்று கோடில் எழுதி வைத்துவிடுகின்றன. இரண்டு கருவிகள் இப்படி ஒரே எண்ணோடு ரீப்ளேஸ் கட்டளை கொடுத்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததைத் தூக்கிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. கெர்னலைப் பொறுத்தவரை கேட்டதைச் செய்துவிட்டது. முதல் கருவியோ தன் நிரல் இன்னும் ஓடுவதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

முன்னுரிமை எண்ணே தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் பலருக்குத் தெரியாது. கெர்னல் முதல் ஃபில்டருக்கு 49152 தரும். அடுத்து வருவதற்கு 49151. அதாவது பின்னால் வந்தது முன்னால் ஓடும்! சர்வர் ரீபூட் ஆகி, இரண்டு சர்வீஸ்கள் வேறு வரிசையில் எழுந்தால் நிரல்களின் வரிசையும் மாறிவிடும். "ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் வரும் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு ஆபத்து கழற்றும்போது வருகிறது. ஒரு கருவி நிற்கும்போது "சுத்தம் செய்கிறேன்" என்று தன் ஃபில்டரை மட்டும் எடுக்காமல் கிளாஸ்ஆக்ட் க்யூடிஸ்கையே அழித்துவிட்டால், அதில் இருந்த எல்லாருடைய ஃபில்டர்களும் சேர்ந்து போய்விடும். நீங்கள் எழுதும் கருவியில் இந்த வரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் முன்னுரிமை எண்ணும் ஹேண்டிலும் சொல்லி அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். நீக்குவதற்கு முன் அங்கே இருப்பது நீங்கள் ஏற்றிய நிரலின் ஐடிதானா என்றும் பாருங்கள்.

டிசிஎக்ஸ் எதை மாற்றியது

2023 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.6-இல் டிசிஎக்ஸ் என்ற புது இணைப்பு முறையும், அதற்கு அடித்தளமாக எம்ப்ராக் என்ற பொது ஏற்பாடும் சேர்ந்தன. இங்கே முன்னுரிமை எண் இல்லை. ஒரு கொக்கியில் 64 நிரல்கள் வரை வரிசையாக நிற்கலாம். இடத்தைக் குறிக்க "இந்த நிரலுக்கு முன்னால்", "இந்த நிரலுக்குப் பின்னால்" என்று சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் வரிசையின் கடைசியில் சேரும். யாரையும் குறிப்பிடாமல் முன்னால் என்று மட்டும் சொன்னால் தலைமாட்டில் நிற்கும். ஆனால் அடுத்து வருபவரும் அதையே கேட்கலாம் என்பதால் முதலிடத்தை யாரும் நிரந்தரமாகப் பூட்டி வைக்க முடியாது.

இதில் மிகவும் பயனுள்ளது, ஆனால் அதிகம் பயன்படுத்தப்படாதது, ரிவிஷன் எண். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் கொக்கியின் எண் ஒன்று கூடும். முதலில் வரிசையை விசாரியுங்கள். நிரல் ஐடிகளும் ரிவிஷனும் கிடைக்கும். ரிவிஷன் 5 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடத்தை முடிவு செய்து, "5 இருந்தால் மட்டும் மாட்டு" என்று கேளுங்கள். இடையில் வேறு யாராவது நுழைந்து அது 6 ஆகியிருந்தால் கெர்னல் ஈஸ்டேல் (ESTALE, "பழையதாகிவிட்டது") பிழையோடு மறுத்துவிடும். அப்போது புது எண்ணைப் போட்டு உடனே மறுபடி முயல்வது தவறு. வரிசையை மறுபடி படித்து, உங்கள் இடம் இன்னும் சரிதானா என்று பார்த்த பிறகே முயல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயலும் லூப் எழுதினால் ரிவிஷன் எண் இருந்தும் பயனில்லை. ரிவிஷனை 0 என்று கொடுத்தால் இந்தச் சோதனையே நடக்காது.

வரிசை மாறும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாக்கெட்டுகளுக்கு என்ன ஆகும்? கெர்னல் இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. பயன்பாட்டில் இல்லாத பட்டியலில் புது வரிசையை எழுதி முடித்துவிட்டு, பாயின்டரை ஒரே அடியில் மாற்றிவிடும். ஒரு பாக்கெட் பழைய வரிசை முழுவதையும் காணும், இல்லையென்றால் புது வரிசை முழுவதையும் காணும். பாதி பழையது, பாதி புதியது என்று ஆகாது. ஆனால் நீங்கள் கழற்றிய மறுகணமும் வேறொரு சிபியுவில் பழைய நிரல் கடைசி முறையாக ஓடிக்கொண்டிருக்கலாம். அது படிக்கும் பொது மேப்பை (நிரல்கள் தகவல் வைக்கும் அட்டவணை) யூசர்ஸ்பேஸிலிருந்து, அதாவது கெர்னலுக்கு வெளியிலிருந்து, அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள்.

திருப்பி அனுப்பும் எண்தான் வாசல்

டிசிஎக்ஸ் நிரல் திருப்பி அனுப்பும் எண்களில் நான்கு முக்கியம்: -1 என்றால் அடுத்த நிரலுக்குப் போ, 0 என்றால் பாக்கெட்டை விடு, 2 என்றால் கீழே போடு, 7 என்றால் வேறு இன்டர்ஃபேஸுக்குத் திருப்பு. இதில் 0-வைத்தான் எல்லாரும் தவறாகப் படிக்கிறார்கள். "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று நினைத்து 0 அனுப்புகிறார்கள். கெர்னலுக்கு அதன் பொருள் "விசாரணை முடிந்தது, உள்ளே விடு" என்பது. வரிசையில் பின்னால் இருக்கும் எந்த நிரலும் அந்தப் பாக்கெட்டைப் பார்க்காது. டிசிஎக்ஸ் வரிசை முடிந்த பிறகு ஓட வேண்டிய பழைய டிசி ஃபில்டர்களும் பார்க்காது.

பாக்கெட்டை எண்ணுவதற்காக மட்டும் எழுதிய ஒரு சாது நிரல் வரிசையின் முன்னால் நின்று 0 அனுப்பினால், அதற்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் நிரல் அலங்காரப் பொருளாகிவிடும். பழைய டிசி நிரல்களில் வழக்கமாக எழுதப்படும் ஓகே என்பதும் இதே 0தான் என்பதால், அவற்றை அப்படியே டிசிஎக்ஸுக்கு மாற்றும்போது இந்தத் தவறு தானாகக் கூடவே வருகிறது. கண்காணிப்பு நிரல் என்றால் எல்லா வழிகளிலும் -1 மட்டுமே திரும்ப வேண்டும். குறிப்பாக, ஹெடர் முழுதாக இல்லாத பாக்கெட்டுக்கு அவசரமாக வெளியேறும் அந்த முதல் சில வரிகளைப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சிகுரூப்பில் (cgroup, பிராசஸ்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைக்கும் கெர்னல் ஏற்பாடு) சட்டம் நேர்மாறு. பல நிரல்களை அனுமதிக்கும் மல்டி கொடியோடு மாட்டிய நிரல்கள் அனைத்தும் ஓடும். பாக்கெட் ஃபில்டர்களில் ஒன்று 0 சொன்னாலும் அனுமதி மறுக்கப்படும், அங்கே 1 என்றால்தான் அனுமதி. வரிசை குழந்தையிலிருந்து பெற்றோரை நோக்கிப் போகும்: மேல் சிகுரூப்பில் அ, ஆ என்று இரண்டும், கீழ் சிகுரூப்பில் இ என்று ஒன்றும் இருந்தால் இ, அ, ஆ என்று ஓடும். கொடி எதுவும் இல்லாமல் மேலே ஒன்றை மாட்டிவிட்டால் கீழே உள்ள யாரும் அந்த வகையில் எதையும் மாட்ட முடியாது. ஒரே எண் 0, டிசிஎக்ஸில் அனுமதி, சிகுரூப்பில் மறுப்பு. ஒரே கோப்பில் இரண்டு வகை நிரல்களும் இருந்தால் வெறும் எண்களை எழுதாமல் பெயரிட்ட மாறிலிகளை எழுதுவது உயிர்காக்கும் பழக்கம்.

எக்ஸ்டிபியில் (XDP, பாக்கெட் வந்தவுடனே, டிசிக்கும் முன்னால் ஓடும் கொக்கி) கெர்னல் ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒரு மோடில் ஒரே நிரலைத்தான் ஏற்கும். பல வேண்டுமென்றால் லிப்எக்ஸ்டிபி (libxdp) நூலகம் தரும் டிஸ்பாட்சர் (பல நிரல்களை வரிசையாக அழைக்கும் ஒரு நிரல்) வழியாகப் போகலாம். அதில் 10 நிரல்கள் வரை இடம் உண்டு. ஆனால் யாராவது ஃபோர்ஸ் என்று சொல்லித் தன் நிரலை மாட்டினால் டிஸ்பாட்சரோடு பத்தும் போய்விடும். ஃபோர்ஸ் இருக்கும் ஸ்கிரிப்டுகளைத் தேடிப் பிடித்து நீக்குங்கள்.

உரிமை யாருக்கு

பிபிஎஃப் லிங்க் (நிரலும் கொக்கியும் சேர்ந்திருப்பதைக் குறிக்கும் கெர்னல் பொருள்) இல்லாமல் நேரடியாக மாட்டிய நிரலை உரிமையுள்ள வேறு எந்தக் கருவியும் கழற்றிவிடலாம். லிங்க் வழியாக மாட்டினால், லிங்க் கையில் இல்லாதவர் சாதாரண முறையில் கழற்றவோ மாற்றவோ முயன்றால் ஈபிஸி (EBUSY, "பயன்பாட்டில் உள்ளது") பிழைதான் வரும். ரூட் வேண்டுமென்றே தேடி வந்து பிரிக்கலாம், ஆனால் தவறுதலாக நடக்காது. லிங்கின் ஆயுள் அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸோடு கட்டப்பட்டது. பிராசஸ் செத்தால் நிரலும் கழன்றுவிடும். அதனால் பாதுகாப்பு நிரலின் லிங்கை பிபிஎஃப் கோப்பமைப்பில் பின் (pin) செய்து, அதாவது ஒரு கோப்பு போலப் பதித்து, வைக்க வேண்டும், ஏஜென்ட் விழுந்தாலும் காவல் நிற்கும். கண்காணிப்பு நிரலைப் பின் செய்யாமல் விடுவதே நல்லது. ஏஜென்ட் போன பிறகு படிக்க ஆளில்லாத தகவலைச் சேகரித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. புதுப் பதிப்பு வரும்போது கழற்றி மாட்டாதீர்கள், லிங்க் அப்டேட் செய்யுங்கள். இடைவெளியே இல்லாமல் அதே இடத்தில் நிரல் மாறும்.

வரிசையும் உரிமையும் சரியாக இருந்தும் மோதக்கூடிய இடம் ஒன்று உண்டு: பாக்கெட்டின் மார்க் (கெர்னலுக்குள் பாக்கெட்டோடு கூடவே போகும் ஒரு குறி எண்). 32 பிட்தான், ரூட்டிங் விதிகளும் ஃபயர்வாலும் இபிபிஎஃப் நிரல்களும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. முழு மதிப்பையும் எழுதாமல் மாஸ்க் போட்டு உங்கள் பிட்டுகளை மட்டும் தொடுங்கள். எந்த பிட் யாருக்கு என்பதைக் குழுவுக்குள் எழுதி வையுங்கள்.

கடைசியாக, நிரல் மாட்டியிருக்கிறது என்பதும் ஓடுகிறது என்பதும் வேறு வேறு. பிபிஎஃப்டூல் (bpftool) என்ற கட்டளைக் கருவியில் நெட் ஷோ, லிங்க் ஷோ, சிகுரூப் ட்ரீ ஆகியவை மாட்டியிருப்பதை மட்டும் காட்டும். ஓடுகிறதா என்று தெரிய, பிபிஎஃப் புள்ளிவிவர சிஸ்கன்ட்ரோல் (sysctl) அமைப்பை 1 ஆக்கிவிட்டு, ஒவ்வொரு நிரலின் ஓட்ட எண்ணிக்கையையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். முதல் நிரல் 10,000 முறையும் அடுத்தது 9,200 முறையும் ஓடியிருந்தால், நடுவில் நின்ற 800 பாக்கெட்டுகளுக்கும் முதல் நிரலின் டிராப், ரீடைரக்ட் கணக்குகள் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் முதல் நிரலில் எங்கோ ஒரு 0 இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிறு நேரச்செலவு உண்டு என்பதால், கணக்கு எடுத்து முடித்ததும் அந்த அமைப்பை மறுபடி 0 ஆக்கிவிடுங்கள்.