எரிவதும் எரியாததும்: இயற்கைப் பொருளில் வெள்ளி வார்ப்பு

கல்லடிக் கடற்கரையில் சவுக்கு மரங்களின் அடியில் கிடக்கும் காயொன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வரிசை வரிசையாகத் திறந்த சிறு வாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் கிளியலகு போல இரண்டு இதழ்கள். எந்தச் சிற்றுளியும் இதைச் செதுக்காது. ஆனால் காயையே எரித்து, அது விட்டுப்போன வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றினால் அத்தனை வாய்களும் அப்படியே பதக்கத்தில் வந்து நிற்கும்.

உலர்ந்த காயின் காம்பில் முதலில் ஒரு மெழுகுத் தண்டை ஒட்டுவார்கள். உருகிய உலோகம் நுழையும் வழி அதுதான். பிறகு ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, காற்றை உறிஞ்சி அகற்றி, காயைச் சுற்றி ஊற்றுவார்கள். காயில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் நகையில் அந்த இடத்தில் வெள்ளி உருண்டையொன்று முளைத்துவிடும்.

இறுகிய அச்சு உலைக்குப் போகிறது. பொறுமை வேண்டிய இடம் இதுவே. 100 பாகை செல்சியசில் ஈரம் ஆவியாகிறது; 573 பாகையில் மாவிலுள்ள சிலிக்காவின் வடிவமான குவார்ட்சின் படிக அமைப்பு மாறிச் சட்டென விரிகிறது. அவசரப்பட்டால் அச்சு வெடிக்கும். ஏறத்தாழ 730 பாகையில் சில மணிநேரம் வைத்திருந்தால் காய் எரிந்து தீரும். காபன் மிஞ்சினால் அது ஜிப்சத்தைச் சிதைத்துக் கந்தக வாயுவைக் கிளப்பி வெள்ளியைக் கெடுக்கும். காய் மெழுகைவிட அதிகம் சாம்பல் விடும் என்பதால் அதையும் ஊதி வெளியேற்ற வேண்டும். ஒரு காய்க்கு ஒரே வாய்ப்புத்தான்.

தூய வெள்ளி 962 பாகையில் உருகும், 7.5 வீதம் செம்பு கலந்தால் 900 பாகைக்குள்ளேயே உருகும், உறுதியும் கூடும். உலோகம் உருக்கும் கிண்ணமான மூசையிலிருந்து வெறுமனே ஊற்றினால் நுண்ணிய இடுக்குகள் நிரம்பா. அச்சைச் சுழற்றியோ, காற்றை உறிஞ்சியோ உலோகத்தை உள்ளே செலுத்துகிறார்கள். வேப்பம்பூ போன்ற மெல்லியவற்றில் உலோகம் பாதிவழியில் உறைந்துவிடும். அதனால் பின்புறம் மெழுகு தடவித் தடிப்பாக்குவது நல்லது.

பாசிக்குடாவில் பொறுக்கிய சிப்பிக்கு இந்த வழி உதவாது. சிப்பி கல்சியம் காபனேற்றால் ஆனது, எரியாது. கடுஞ்சூட்டில் காபனீரொட்சைட்டை இழந்து சுண்ணாம்பாகும். சூளையில் சிப்பி சுடுவதும் இதற்காகத்தான். அச்சுக்குள் அது உலோகத்துக்கு இடம் விடாமல் அடைத்துக்கொள்ளும். எனவே சிப்பியைச் சிலிக்கோன் இரப்பரில் பதித்து, இறுகியதும் இரப்பரை அறுத்துச் சிப்பியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மெழுகுப் பிரதி எடுத்து, அதையே எரிக்கிறார்கள். சிப்பி பழுதின்றித் திரும்பக் கிடைக்கும். சோடிக் காதணிக்கு ஒரே அச்சில் இரண்டு பிரதிகளும் எடுக்கலாம். மெழுகும் வெள்ளியும் ஆறும்போது சுருங்குவதால் அவை அசலைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும்.