ரோபோ: காரை உடைத்தால் கொள்ளையா, திருட்டா?

பார்சிலோனாவில் காரைப் பூட்டி நிறுத்திவிட்டுக் கடற்கரைக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது, பின்சீட்டில் வைத்த பையைக் காணோம். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்பானிய மொழியில் குற்றத்தின் பெயர் ‘ரோபோ கோன் ஃபுவெர்ஸா என் லாஸ் கோசாஸ்’, அதாவது பொருள்கள் மீது பலத்தைக் காட்டிய ‘ரோபோ’. காப்பீட்டுப் பணம் கேட்க அதை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். அவசரக்கார மொழிபெயர்ப்பாளர் ரோபோவைப் பார்த்ததும் ‘ராபரி’ என்று போட்டுவிடுவார். லண்டனில் அதைப் படிப்பவர் உடனே கேட்பார்: “உங்களை அடித்தார்களா? கத்தியைக் காட்டினார்களா?” உங்களை யாரும் தொடவே இல்லை. நீங்கள் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தீர்கள்.

(எந்திர மனிதன் ரோபோவுக்கும் இதற்கும் உறவில்லை. அது செக் மொழியிலிருந்து வந்தது.)

ஸ்பெயினின் தண்டனைச் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. பிறர் பொருளை எடுப்பதை அது இரண்டாகப் பிரிக்கிறது. உடையவர் சம்மதமில்லாமல் சும்மா எடுத்துக்கொண்டு போனால் ‘உர்தோ’ (234-ஆம் பிரிவு). மெட்ரோவில் ஜேப்படி அடிப்பதெல்லாம் இதில் சேரும். பலத்தைக் காட்டி எடுத்தால் ‘ரோபோ’ (237-ஆம் பிரிவு). சிக்கல் அந்தப் பலம் எதன் மீது என்பதில்தான் இருக்கிறது. ஆளை அடித்தாலோ மிரட்டினாலோ ரோபோ. ஆளே இல்லாத இடத்தில் பூட்டை, சுவரை, கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தாலும் ரோபோ. முன்னதற்கு 2 முதல் 5 ஆண்டு சிறை, பின்னதற்குப் பொதுவாக 1 முதல் 3 ஆண்டு. உர்தோவில் பொருளின் மதிப்பு 400 யூரோவைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். ரோபோவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பையில் பழைய துண்டு ஒன்று மட்டும் இருந்தாலும் கண்ணாடியை உடைத்து எடுத்தால் ரோபோதான்.

ஆங்கிலச் சட்டத்தில் ராபரி முதல் வகை மட்டும்: ஆள் மீது பலம், அல்லது அந்த அச்சம். அப்படியானால் இரண்டாவது வகைக்கு ‘பர்க்ளரி’ என்று எழுதலாமே என்று தோன்றும். வீட்டை உடைத்திருந்தால் எழுதலாம். ஆனால் இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி பர்க்ளரி என்பது கட்டடத்துக்குள் அத்துமீறிப் புகுவது. ஆள் குடியிருக்கும் வண்டி, படகு சேரும், தெருவில் நிறுத்திய கார் சேராது. கலிஃபோர்னியாவிலோ பூட்டிய காரை உடைத்துத் திருடப் புகுந்தாலும் பர்க்ளரி. ஆக, யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது. இந்தக் காருக்கு ‘வண்டியை உடைத்துத் திருட்டு’ என்ற பொருளில் விரித்து எழுதுவதே பாதுகாப்பு. ஒற்றைச் சொல் மீது ஆசை வைத்தால் வம்பு.

ராபரியும் ரோபோவும் ஒரே சாயலில் இருப்பது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் வேர் ஒரு பழைய ஜெர்மானியச் சொல். சூறையாடுவது என்று பொருள். ஸ்பானியத்தில் துணிமணிக்கு வழங்கும் ‘ரோப்பா’வும் இதற்கு நெருங்கிய உறவு என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். தோற்றவனிடம் உருவிய உடைதான் பழைய கொள்ளைப் பொருள்! உர்தோ லத்தீன் வழி வந்தது. ‘ஃபூர்தும்’ என்பதன் ஃப ஸ்பானியத்தில் தேய்ந்து ஒலியில்லாத ஓர் எழுத்தாக நின்றுவிட்டது. ‘ஆ உர்தாதியாஸ்’ என்றால் ஓசைப்படாமல், ஒருவருக்கும் தெரியாமல். நம்முடைய ‘களவு’ அப்படியே இதுதான். பொருளைத் திருடுவதும் களவு, ஊரறியாமல் காதலிப்பதும் களவு. உர்தோவுக்குக் களவு என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை.

சரி, ரோபோவுக்கு? இங்கேதான் வேடிக்கை. ‘வீட்டின் பூட்டை உடைத்து 20 பவுன் நகை கொள்ளை’ என்ற மாதிரித் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, யாரையும் அடிக்கவில்லை, ஆனாலும் கொள்ளை. நம் பேச்சுவழக்கின் கொள்ளை ஸ்பானிய ரோபோவைப் போலவே பூட்டு உடைப்பையும் கத்தி முனையையும் ஒன்றாக அணைத்துக்கொள்கிறது. கடையில் விலை அநியாயமாக இருந்தால் ஸ்பானியர் “எஸ் உன் ரோபோ!” என்பார், நாம் “பகல் கொள்ளை!” என்போம். பூட்டு உடைப்பையும் கத்தி முனையையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்துக்குக் கிடைக்காத ஜோடி தமிழுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

ஆனால் நீதிமன்றத் தமிழில் இந்தச் சுதந்திரம் இல்லை. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் ஆங்கிலச் சிந்தனையில் எழுதப்பட்டது. அதன் 390-ஆம் பிரிவில் இருந்த ராபரிக்கு ஆளைக் காயப்படுத்துவதோ தடுத்து நிறுத்துவதோ அச்சுறுத்துவதோ வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே தொடர்கிறது. அந்த ராபரிக்குத்தான் கொள்ளை என்று பெயர் வைத்திருக்கிறோம். அதனால் செய்திக்கட்டுரையில் ரோபோவைக் கொள்ளை என்று எழுதலாம். சட்ட ஆவணத்தில் ஆள் மீதான ரோபோ மட்டும் கொள்ளை, பூட்டுடைத்த ரோபோ கன்னக்களவு. கன்னம் வைப்பது, கன்னக்கோல் எல்லாம் பழைய சொற்கள் என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்பானியப் பத்திரிகைகளில் சுவரில் துளை போட்டுப் புகும் திருடனுக்கு இன்றும் ‘புத்ரொனேரோ’ என்றே பெயர். புத்ரோன் என்றால் அந்தத் துளை. நம் கன்னம்தான். காரை ரிவர்ஸில் ஓட்டிக் கடைக்கண்ணாடியில் மோதி உள்ளே போவதற்கு ‘அலுனிஸாஹே’ என்கிறார்கள், அதாவது நிலவில் இறங்குதல். ‘லூனா’ நிலவுக்கும் பெயர், கடையின் பெரிய கண்ணாடிக்கும் பெயர். இதற்கு மட்டும் என்னிடம் தமிழ் இல்லை.

ஸ்பானியச் சட்டம் சொல்லும் ‘பொய்ச்சாவி’யும் ஒரு பொறி. பொய்ச்சாவியால் திறந்தாலும் அது ரோபோதான். ஆனால் 239-ஆம் பிரிவில் பொய்ச்சாவி என்பது போலிச்சாவி மட்டுமல்ல. நீங்கள் தொலைத்த உங்கள் சொந்தச் சாவி திருடன் கையில் இருந்தால் அதுவும் பொய்ச்சாவி. ஹோட்டல் அறையைத் திறக்கும் அட்டையும் இதில் அடக்கம். ‘கள்ளச்சாவி’ என்று பெயர்த்தால் வாசகர் யாரோ ராவி எடுத்த நகல் என்று நினைப்பார். நான் ‘உரிமையற்ற சாவி’ என்று எழுதுவேன். அழகில்லைதான், ஆனால் பொய் சொல்லாது.

கடைசியாக இன்னொன்று. பழைய ஸ்பானியத் தாள்களில் ‘ஃபால்தா தெ உர்தோ’ என்று வரும். ஃபால்தா என்றால் இல்லாமை, குறை, தவறு; கால்பந்தில் ஃபவுலுக்கும் இதே சொல். அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டால் ‘திருட்டு இல்லாமை’ என்றாகி, குற்றவாளி விடுதலையே ஆகிவிடுவார். சட்டத்தில் பெருங்குற்றம் ‘தெலீத்தோ’, சிறுகுற்றம் ஃபால்தா என்றிருந்தது. ‘குற்றம் குறை’ என்று நாம் சேர்த்துச் சொல்வதைப் போன்ற ஜோடி. 2015-இல் செய்த திருத்தம் ஃபால்தாவையே எடுத்துவிட்டது. 400 யூரோவுக்கு மேற்படாத களவு இப்போது ‘தெலீத்தோ லேவே’, இலேசான குற்றம். திருத்தம் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு ஜூலை 1. அதனால் இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் குற்றத்தின் பெயரைப் படிக்கும் முன் மேலே இருக்கும் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.