சொல் விளக்கம்: ஐபி முகவரியும் 'இருப்பிட'மும்

போன வாரம் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து அத்தை இரவு பத்து மணிக்கு அழைத்தார். "யாரோ கோலாலம்பூர்ல இருந்து என் மின்னஞ்சலைத் திறந்திருக்காங்கப்பா." குரல் நடுங்கியது. புதுக் கைப்பேசியில் அவரே உள்நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வந்த எச்சரிக்கையில் 'இருப்பிடம்: கோலாலம்பூர்' என்று இருந்ததாம். அத்தை வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. கோலாலம்பூரோ ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அவரைப் பயமுறுத்தியது ஒரு சொல். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் இருக்கிறது: ஐபி முகவரி.

முகவரி என்றால் கடிதத்தின் முகப்பில் எழுதும் வரி. பெரியவர்கள் விலாசம் என்பார்கள். மலாயில் அலாமாட், அடையாளம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில அட்ரஸோ லத்தீன் வேர் கொண்டது, 'நேராகச் செலுத்து' என்பது அதன் பழைய பொருள். ஐபி முகவரிக்குச் சரியாகப் பொருந்துவது இதுதான். ஐபி என்பது இணைய நெறிமுறை, அதாவது கருவிகள் இணையத்தில் தரவைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறை. தரவு எந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எண்தான் ஐபி முகவரி. அதற்குள் தெருவும் கிடையாது, தாமானும் கிடையாது.

அப்புறம் ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது? ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு இந்த எண்களைப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தொகுதி தொகுதியாக எண்களைப் பெறுகின்றன. எந்தத் தொகுதி எந்த ஊர் என்று கணித்துப் பட்டியல் போட்டு விற்கவும் நிறுவனங்கள் உண்டு. எச்சரிக்கையில் வரும் ஊர் பெரும்பாலும் அப்படி ஒரு பட்டியலில் இருந்து எடுத்ததுதான். பழைய வகை எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி என்பதால், ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். பினாங்குக்காரரின் இணைப்பு கோலாலம்பூர் வழியாக வெளியேறினால் கோலாலம்பூர் என்றே காட்டும். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போய் நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டாலும், பல நேரம் மலேசியா என்றுதான் வரும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு இதனால் பட்ட பாடு 2016இல் வெளியே தெரிந்தது. ஊர் தெரியாத அமெரிக்க எண்களை எல்லாம் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரே புள்ளியில் குறித்திருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள்! அந்தப் புள்ளி விழுந்த இடம் அந்த வீடு. யாரோ செய்த குற்றத்துக்கெல்லாம் போலீஸ் அங்கே வந்து கதவைத் தட்டியது. பிறகு புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே மாற்றினார்கள்.

'இருப்பிடம்' என்றால் ஆள் இருக்கும் இடம். எச்சரிக்கை காட்டுவது அதுவல்ல, இணைப்பு வெளியேறுவதாகக் கணித்த இடம். 'உத்தேச இணைப்பிடம்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. பேச்சில் 'குத்துமதிப்பான இடம்' என்றால் யாருக்கும் புரியும்.

ஊரை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் கருவியின் பெயரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டும் அத்தையுடையவைதான். பொருந்தாமல் இருந்திருந்தால், மின்னஞ்சலில் வந்த சுட்டியை (லிங்க்) தொடாமல், கணக்கை நேராகத் திறந்து கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருப்பேன்.