கோட்டை வடிவச் சறுக்குமரம் வாங்குவதற்கு முன்

பள்ளிக்கோ குடியிருப்புக்கோ ‘கட்டடக்கலை சார்ந்த’ விளையாட்டுச் சிற்பம் வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கையோடு ஒரு படமும் கொண்டுவருகிறார்கள். ஃபைபரில் செய்த கோட்டை. அதன் வாயிலிலிருந்து ஒரு சறுக்குமரம். திறப்பு விழாவுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏறிச் சறுக்கிய பிறகு குழந்தைக்கு அதில் செய்ய வேறொன்றும் இருக்காது.

அவர்களிடம் நான் ஆம்ஸ்டர்டாமைப் பற்றிப் பேசுவேன். அந்நகரின் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947-இல் பெர்டெல்மன்பிளைன் என்ற சிறிய சதுக்கத்தில் ஒரு மணல்தொட்டி அமைத்தார். அகலமான கான்கிரீட் விளிம்பு, உள்ளே தாவி விளையாட வட்டக் கற்கள், பக்கத்தில் குட்டிக்கரணம் போடக் கம்பிகள், சுற்றிலும் மரங்களும் பெஞ்சுகளும். அவ்வளவுதான். போர்க்காலத்தில் வீடுகள் இடிந்து காலியான மனைகள் ஊரெங்கும் கிடந்தன. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று மக்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். 1978-க்குள் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாகிவிட்டன.

அவற்றில் யானையும் இல்லை, கோட்டையும் இல்லை. அரைக்கோளமாக வளைத்த கம்பிக்கூட்டை வீடாக்குவதா மலையாக்குவதா என்பது ஏறுகிற பிள்ளையின் விருப்பம். மணல்தொட்டியின் விளிம்பில் பிள்ளைகள் மணல் அப்பம் தட்டலாம், பாட்டி உட்காரலாம். படி, விளிம்பு, உள்ளே, வெளியே: ஒரு கட்டடத்திலிருந்து குழந்தைக்குத் தரத்தக்கவை இவைதான் என்பது என் கட்சி. கோபுரத்தைச் சிறிதாக்கி வைப்பது அலங்காரம்.

லண்டனில் 2015-இல் அசெம்பிள் என்ற கட்டட வடிவமைப்புக் குழுவும் கலைஞர் சைமன் டெரிலும் இன்னொரு வழியில் போனார்கள். போருக்குப் பிந்தைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்த கான்கிரீட் விளையாட்டுத் திடல்களின் பகுதிகளை, ஒரு காட்சிக்கூடத்துக்குள் நுரைப்பஞ்சில் முழு அளவில் செய்துவைத்தார்கள். மூலத்தை அப்படியே கான்கிரீட்டில் கட்ட இன்று அனுமதி வாங்கிப் பாருங்கள்!

நம் ஊரில் முதல் எதிரி வெயில். உலோகச் சறுக்குமரமும் கறுப்பு ரப்பர் தரையும் நண்பகலில் தோலைச் சுட்டுவிடும். மர நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே இடத்தைக் குறியுங்கள். அடுத்தது இடைவெளி. அமெரிக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதல்படி, சுமார் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட திறப்பு ஆபத்தானது: உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். கலைஞர் வரைந்த அழகான ஜன்னல் துளைகள் பல இந்த அளவில்தான் இருக்கின்றன. ஏறும் அமைப்புக்குக் கீழே சிமென்ட் தளம் கூடவே கூடாது, 30 செ.மீ. ஆழத்துக்காவது மணல் வேண்டும். அந்த மணலை யார் கிளறிவிடுவார்கள், இரவில் பூனை அசுத்தம் செய்யாமல் யார் மூடிவைப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.